விசிறி தானாகச் சுற்றுவதும் விளக்கு மங்குவதும்: காரின் மின்சாரத்தில் எது இயல்பு, எது பழுது?

காட்பாடியிலிருந்து எழுதியிருக்கும் நண்பருக்கு வணக்கம். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெங்களூரில் வேலை பார்க்கிறீர்கள். விடுமுறைக்கு ரயிலில் ஊருக்கு வந்து போகிறீர்கள். 2021இல் தயாரான ஒரு பெட்ரோல் காரைச் சில மாதங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது; காரைப் பூட்டிய பின்னும் ஹெட்லைட் அரை நிமிடம் எரிகிறது; இரவெல்லாம் மீட்டர் போர்டில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னுகிறது; ஏசி போட்டால் விளக்கு மங்குகிறது; நெடுஞ்சாலையில் போகும்போது உள்ளே ‘பீப்’ சத்தம் வருகிறது; சிகரெட் லைட்டர் துளையில் செருகிய சிறு வோல்ட் மீட்டர் ஒருமுறை 14.4 என்றும் இன்னொரு முறை 12.8 என்றும் காட்டுகிறது. இரண்டு வாரம் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை. கடைசியில் ஒரே வரியில், இரவில் பிரேக் மிதித்தால் இடது பக்கப் பின் இண்டிகேட்டரும் மங்கலாக எரிவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இவை அனைத்துக்கும் சேர்த்து ஆல்டர்னேட்டரையும் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை ஏற்றும் கருவி) வயரிங் கிட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னதாகவும், மாற்றத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வேலூரில் 24 ஆண்டுகளாகக் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். நீங்கள் எழுதியவற்றில் பெரும்பாலானவை கார் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று தயாரித்தவர்களே அமைத்தவை. பேட்டரி இறங்குவதை அளந்து பார்த்த பிறகுதான் எந்தப் பக்கம் சேர்ப்பது என்று சொல்ல முடியும். சந்தேகத்துக்கு இடமில்லாத பழுது ஒன்றுதான். அது நீங்கள் சிறியதாக நினைத்துக் கடைசியில் எழுதிய அந்த இண்டிகேட்டர். ஆல்டர்னேட்டரையோ வயரிங்கையோ இப்போது தொட வேண்டாம்.

இயல்பையும் பழுதையும் பிரிக்க நான் முதலில் பார்ப்பது ஒழுங்கை. காரில் வேண்டுமென்றே அமைத்த ஒரு செயல், அதே சூழ்நிலை வரும்போதெல்லாம் அதே மாதிரி நடக்கும், குறிப்பிட்ட நேரத்தில் தானாக முடியும், ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தாலும் வளர்ந்திருக்காது. பழுது அப்படி இருப்பதில்லை. குழியில் இறங்கினால் வரும், சமதரையில் மறையும். மழையில் நனைந்தால் வரும், காய்ந்தால் போகும். இரண்டு விளக்கை ஒன்றாகப் போட்டால் தலைகாட்டும். போன மாதம் வாரம் ஒருமுறை வந்தது இந்த மாதம் தினமும் வரும். ஆகவே எந்தப் பட்டறைக்கும் போகும் முன்பு, இன்ஜின் சூடாக இருந்ததா, என்ன சுவிட்ச் போட்டிருந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது என்று ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பழுது பார்க்க வருகிறவர்கள் அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தால் என் வேலையில் பாதி முடிந்துவிடுகிறது.

இப்போது ஃபேனுக்கு வருவோம். இன்ஜின் நின்றதும் அதைக் குளிர்விக்கும் நீரின் ஓட்டமும் நின்றுவிடுகிறது, ஆனால் சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூடு உடனே போய்விடுவதில்லை. சில நிமிடங்களுக்கு அது இன்னும் ஏறவே செய்யும். அதனால்தான் பல கார்களில் ஃபேன் சாவியைக் கேட்காமல் பேட்டரியிலிருந்து நேரடியாகச் சுற்றும்படி வைத்திருக்கிறார்கள். வேலூர் வெயிலில், அதுவும் கத்திரி நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும்போது, ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்து வந்து நிறுத்திய கார் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஃபேனைச் சுற்றவிட்டாலும் நான் கவலைப்பட மாட்டேன். கவலைப்பட வேண்டிய இடம் வேறு. இரவு முழுவதும் நின்று ஆறிப்போன காரில், காலையில் சாவியை ஆன் செய்தவுடனே ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால், வெப்பம் அளக்கும் சென்சாரின் வயர் அறுந்திருக்கலாம். சூடு தெரியாத நிலையில் காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனைப் போட்டு வைக்கும். அரை மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை என்றால் ஃபேனுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். இவை இரண்டும் பழுதுகள்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் இதே ஃபேன் விஷயத்துக்காகத் தன் காரை எங்கோ காட்டியிருக்கிறார். ‘பேட்டரி வீணாகிறது’ என்று சொல்லி அங்கே ஃபேன் வயரை வெட்டி, உள்ளே ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஏலகிரி ஏறியபோது அந்த சுவிட்சைப் போட மறந்துவிட்டார். 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. நீர் கொதித்து, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய், இழுவை வண்டியில்தான் கார் என்னிடம் வந்தது. பழுது இல்லாத இடத்தில் கத்தி வைத்ததால் வந்த செலவு அது. அந்தக் குடும்பம் பிள்ளைகளோடு மலைப்பாதையில் மணிக்கணக்கில் நின்றதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

பூட்டிய பின் எரியும் ஹெட்லைட், இருட்டில் நீங்கள் வீட்டுப் படியேறும் வரை வெளிச்சம் தருவதற்கானது. எத்தனை விநாடி என்பதைப் பல கார்களில் மாற்றியும் வைக்கலாம். மின்னும் சிவப்புப் புள்ளி, திருட்டுத் தடுப்பு அமைப்பு விழித்திருக்கிறது என்பதன் அடையாளம். அது எடுக்கும் மின்சாரம் சில மில்லி ஆம்பியர்தான். ரிமோட்டில் திறந்து கதவைத் தொடாமல் விட்டால் கார் தானே மறுபடி பூட்டிக்கொள்வதும், சாவி போட்டதும் பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகுவதும், கிளம்பியவுடன் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) தன்னைச் சோதித்துக்கொண்டு ‘டக்’ என்று ஒலிப்பதும் இதே வகை.

நெடுஞ்சாலையில் வரும் ‘பீப்’ பற்றி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கிரீன் சர்க்கிளைத் தாண்டி ராணிப்பேட்டை நோக்கிச் செல்லும்போதும், பள்ளிகொண்டா டோல்கேட்டைக் கடந்து ஆம்பூர் பக்கம் செல்லும்போதும்தானே அது வருகிறது? வேகமானியைப் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் பயணிகள் கார்களில், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டு விட்டு ஒலிப்பதும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்து ஒலிப்பதும் கட்டாயமாக்கப்பட்டது. பக்கத்து சீட்டில் ஆள் இருந்து பெல்ட் போடாவிட்டால் ஒலிப்பதும் அதே விதியில் வந்ததுதான். அந்த சீட்டில் ஓர் அரிசி மூட்டையை வைத்தாலும் அடியில் இருக்கும் சென்சார் அதை ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். இந்தச் சத்தங்களை நிறுத்தச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. நான் செய்து கொடுப்பதில்லை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற உறையோடு ஓடும் வயர்கள் ஏர்பேக் அமைப்பைச் சேர்ந்தவை. பெல்ட் சத்தத்துக்காக அங்கே கை வைப்பவர், விபத்து நேரத்தில் உயிர் காக்க வேண்டிய இணைப்பைக் கழற்றிவிடக் கூடும்.

ஏசி போட்டதும் விளக்கு மங்குவதில் இயல்பும் உண்டு, பழுதும் உண்டு. பிரித்துப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸரின் காந்தக் கிளட்ச் பிடிக்கும் கணத்தில் இன்ஜின்மேல் சுமை ஏறுகிறது, ஐடிலிங் (கார் நின்றபடி இன்ஜின் ஓடும் வேகம்) சற்றே இறங்குகிறது, கம்ப்யூட்டர் உடனே அதைத் தூக்கிவிடுகிறது. கண் சிமிட்டும் நேரத்துக்கு விளக்கு மங்கித் தெளிந்தால் அது இயல்பு. மங்கியது மங்கியபடியே நின்றாலும், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பிரகாசமாகி, காலை எடுத்ததும் சோர்ந்தாலும் சார்ஜிங் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு ஹெட்லைட்டில் ஒன்று மட்டும் மங்கினால் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்வதில் பொருளே இல்லை, ஏனென்றால் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் பொது. குறை அந்த ஒரு விளக்கின் ஹோல்டரிலோ, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழியான எர்த்திலோ இருக்கும்.

பட்டறையில் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று சொன்னதற்கு அந்த 14.4, 12.8 கணக்குதான் அடிப்படையாக இருந்திருக்க வேண்டும். பழைய கார்களில் அப்படிச் சொல்வது நியாயமே. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை நிலையாக இருக்க வேண்டும் என்றுதான் நாங்களும் தொழில் கற்றோம். ஆனால் சமீப ஆண்டுகளில் வந்த பல கார்களில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கிறது. பேட்டரி நிறைந்திருக்கும்போது எரிபொருளை மிச்சப்படுத்த வோல்டேஜை இறக்கிவிடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் குறையும்போது, வீணாகப் போகும் வேகத்தை மின்சாரமாக்க ஏற்றிவிடும். உங்கள் கார் அந்த வகையா என்று அறிய பானெட்டைத் திறந்து பேட்டரியின் மைனஸ் டெர்மினலைப் பாருங்கள். அதில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாரும் மெல்லிய வயரும் இருந்தால் அநேகமாக அந்த வகைதான். (அப்படியானால் ஜம்ப் கேபிள் போடும்போது கறுப்பு முனையை அந்த டெர்மினலில் பிடிக்காமல் இன்ஜினின் உலோகத்திலோ பாடியிலோ பிடியுங்கள்.) சோதிக்கும் வழி எளிது. இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, ஹெட்லைட், ஏசி, புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் மல்டிமீட்டரை வையுங்கள். நல்ல ஆல்டர்னேட்டர் என்றால் சுமையை உணர்ந்து 13.5க்கு மேலே ஏறி நிற்கும். கெட்டது என்றால் 12.6, 12.4, 12.2 என்று உங்கள் கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போகும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் உங்களிடம் ஆல்டர்னேட்டர் விற்கக் கூடாது.

பேட்டரி இறங்குவதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பூட்டி நிற்கும் காரும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். கடிகாரம், ரிமோட்டைக் கேட்கும் ரிசீவர், கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. 40 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் ஓடும் மின்சாரம்), இரண்டு வாரத்துக்கு 13 முதல் 14. புதிய 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அதைத் தாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துவிடும். ஆனால் நம் ஊர்ச் சூடு பேட்டரிக்கு எமன். வெப்பம் ஏற ஏற உள்ளே இரசாயனச் சிதைவும் வேகமாகிறது. கார் வந்தபோது வந்த அதே பேட்டரி இன்னும் இருந்தால், அதில் பாதிக் கொள்ளளவு மிஞ்சினாலே பெரிது. அப்படிப்பட்டது இரண்டு வாரத்தில் படுத்துவிட்டால் வயரிங்கைக் குற்றம் சொல்ல முடியாது.

எனவே முதலில் பேட்டரியையே அளந்து பாருங்கள். நன்றாக ஓட்டி நிறுத்தி, ஓர் இரவு விட்டு, காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே அளக்க முடிந்தால் நல்லது. 12.6 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான். பிறகு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி அந்த விநாடிகளில் மீட்டரைப் பாருங்கள்; நிறைந்திருந்த பேட்டரி 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் அதன் காலம் முடிந்தது. பேட்டரி நன்றாக இருந்தும் சார்ஜ் இறங்கினால், எங்கோ கசிவு. மைனஸ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே தொடராக இணைத்து, கதவுகளை மூடி, சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். அவசரப்பட்டால் ஏமாந்துவிடுவீர்கள், காரின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போவதற்கு அவ்வளவு நேரம் ஆகும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. அரை மணிக்குப் பிறகும் 200, 300 மில்லி ஆம்பியர் ஓடினால் ஃபியூஸ்களை ஒன்றொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன். நான் பார்த்தவரை பெரும்பாலும் அது பிறகு பொருத்திய சாமானாகவே இருந்திருக்கிறது: சாவி ஆஃப் ஆனாலும் அணையாதபடி நேரடியாகக் கொடுத்த மியூசிக் சிஸ்டம், டேஷ் கேமரா, ஜிபிஎஸ் கருவி. முன் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக்கைச் சந்தேகிக்கிறவர்களும் உண்டு. அதற்குக் காரிலிருந்து எந்த மின்சாரமும் போவதில்லை. அப்படியே பானெட்டுக்குள் எலிப் புழுக்கை இருக்கிறதா என்றும் பாருங்கள். காட்பாடியின் ஓரத்தில் வயல் பக்கமாக நிற்கும் காரை இரண்டு வாரம் தொடாமல் விட்டால், வயர்க் கற்றைக்குள் எலி குடும்பமே நடத்தும்.

இனி அந்த இண்டிகேட்டர். பின் விளக்குக் கூண்டில் பிரேக், பார்க்கிங், இண்டிகேட்டர் விளக்குகள் மூன்றுக்கும் மின்சாரம் தனித்தனி வயரில் வருகிறது, திரும்பிப் போகும் வழியான எர்த் மட்டும் பெரும்பாலும் பொது. அந்த எர்த் துருப்பிடித்தோ தளர்ந்தோ போனால், பிரேக் விளக்குக்கு வந்த மின்சாரம் திரும்பிப் போக வழி தேடி, பக்கத்து இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாக எதிர்த்திசையில் நுழைந்து போகும்; இரண்டும் அரைகுறையாக எரியும். ஒரு சுவிட்சைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று உயிர் பெறுகிறது என்றால், முதலில் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். எந்தக் காரிலும் இதை யாரும் வேண்டுமென்றே அமைப்பதில்லை. சிறிய விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். இரவில் 48ஆம் எண் நெடுஞ்சாலையில் உங்கள் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு, நீங்கள் பிரேக் பிடிக்கிறீர்களா, இடப்பக்கம் திரும்பப் போகிறீர்களா என்பது தெரியாமல் போகிறது.

செகண்ட் ஹேண்ட் கார் என்பதால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்கிறேன். சாவியை ஆன் செய்து இன்ஜினை எடுக்காமல் மீட்டர் போர்டைக் கவனியுங்கள். எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரியும். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் சில விநாடியில் அணையும்; பேட்டரி, ஆயில் விளக்குகள் இன்ஜின் ஓடிய பிறகே அணையும். இது காரின் சுய பரிசோதனை, பழுது அல்ல. பயப்பட வேண்டியது எரியாத விளக்குக்கு. ஏர்பேக் விளக்கு அந்த நேரத்தில் எரியவே இல்லை என்றால், அமைப்பில் உள்ள குறையை மறைத்து விற்பதற்காக யாரோ அந்த விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். அதை உடனே காட்டுங்கள்.

ஆராய்ச்சிக்கே இடம் தராத பழுதுகளையும் சொல்லிவிடுகிறேன். வயர் கருகும் வாடை, தொட்டால் சுடும் வயர், ஓடும்போது எரியும் சிவப்புப் பேட்டரி விளக்கு, மின்னி மின்னி எரியும் இன்ஜின் விளக்கு, மாற்ற மாற்றப் போகும் ஃபியூஸ். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டு, 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள்; அந்த ஸ்பேனர் எப்போதும் காரில் இருக்கட்டும். பேட்டரி விளக்கோடு வெப்பமானியும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கக் கூடும். சில கார்களில் அதே பெல்ட்தான் நீர்ப் பம்பையும் சுற்றுகிறது என்பதால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. ஃபியூஸ் விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் போன இடத்தில் 20 ஆம்பியர் மஞ்சளைப் போடாதீர்கள். அந்த எண் வயரின் தடிமனைப் பார்த்து வைத்தது. பெரிய ஃபியூஸ் போட்டால் ஃபியூஸ் தப்பிக்கும், வயர் எரியும்.

காரின் கம்ப்யூட்டரில் பதிந்த பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்ததாகவும், ‘பி0562’ என்று வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வோல்டேஜ் குறைந்திருந்தது என்பதுதான் அதன் பொருள். ஆல்டர்னேட்டர் கெட்டது என்று அது சொல்லவில்லை. பேட்டரி படுத்த காரை ஜம்ப் போட்டு எடுத்தால் இந்தக் குறியீடும் இன்னும் சிலவும் நினைவில் பதிந்து கிடக்கும். அதை அழித்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடியும் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் சனிக்கிழமை ஊருக்கு வரும்போது இண்டிகேட்டரில் தொடங்குங்கள். டிக்கியைத் திறந்து இடது பின் விளக்கின் கனெக்டரில் எர்த் வயரைக் கண்டுபிடியுங்கள்; பெரும்பாலும் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், உங்கள் காரின் நிறத்தை வரைபடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, அந்த வயருக்கும் காரின் சுத்தமான உலோகப் பகுதிக்கும் நடுவே வோல்டேஜை அளந்தால், 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று; அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் வயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். அதன் பிறகும் மங்கலாக எரிந்தால் பிரேக் பல்பை வெளியே எடுத்துப் பாருங்கள். இரட்டை இழை பல்பு இருக்க வேண்டிய ஹோல்டரில் முந்தைய உரிமையாளர் ஒற்றை இழை பல்பைத் திணித்திருந்தாலும் ஒரு விளக்கின் மின்சாரம் இன்னொன்றில் கலந்துவிடலாம். அளந்த எண்களை இங்கே எழுதுங்கள், பேட்டரி எண்களையும் சேர்த்து. மேற்கொண்டு என்ன செய்வது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.